பெட்டியில் போடாத எண்

1995-ம் வருஷம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம். மெஸ்கிட் என்று ஓர் ஊர். அங்கே ஓர் அலுவலகத்தில் ஜான் கார்மேக் என்கிற இளைஞர் உட்கார்ந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டு வருஷம் முன்னால் 'டூம்' என்கிற கேமை எழுதி, ஊர் உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் கட்டிப்போட்ட ஆசாமி. இப்போது கையில் இருப்பது 'குவேக்'.

அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று உண்டு. பார்த்தால் உங்கள் கண்ணில் முதலில் படுவது கார்மேக் அல்ல, அவர் முன்னால் ஒரு குட்டி அலமாரி மாதிரி உட்கார்ந்திருக்கும் மானிட்டர். இன்டர்கிராஃப் கம்பெனி செய்தது. 28 அங்குல அகலத் திரை. குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். எடை சுமார் 45 கிலோ. விலை கிட்டத்தட்ட பத்தாயிரம் டாலர். அன்றைய கணக்கில் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல்! அதே நாளில் உங்களுக்கும் எனக்கும் கிடைத்தது 14 அங்குலப் பெட்டி, 640-க்கு 480 புள்ளி. அதற்கே பக்கத்து வீட்டிலிருந்து பார்க்க வருவார்கள்.

இன்றைக்கு? அதே 1,920-க்கு 1,080 புள்ளித் திரைதான் கடையில் இருப்பதிலேயே மலிவான சரக்கு. ஒரு கையால் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

அப்படியானால் பிரச்னை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. கேம் ஆடுவதற்கு 'நல்லதா, கொறஞ்ச விலையில' ஒரு மானிட்டர் வேண்டும் என்று கடைக்குப் போய்ப் பாருங்கள். பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு பெட்டி மேலும் பெரிய பெரிய எழுத்தில் எண்கள். 4கே என்கும் ஒன்று. 180 ஹெர்ட்ஸ் என்கும் இன்னொன்று. ஒரு மில்லி செகண்ட் என்கும் மூன்றாவது. எதை நம்புவது?

இந்தக் கேள்விக்கு வயது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதிலும் அந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

முதலில் சண்டைக்காரர்கள் மூன்று பேரை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஒன்று, துல்லியம். திரையில் எத்தனை புள்ளிகள், அதாவது ரெசல்யூஷன். இரண்டு, வேகம். ஒரு நொடியில் திரை எத்தனை முறை புதுப் படம் போடுகிறது என்கிற கணக்கு. அதைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறார்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு அறுபது படம். மூன்று, விலை. இந்த மூன்று பேரும் ஒருநாளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் எழுந்து போய்விடுவார்.

பழைய குண்டு மானிட்டர் காலத்தில் இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்கிற அதிகாரம் உங்கள் கையில் இருந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் எலெக்ட்ரான் கற்றை ஓடி ஓடிப் படம் வரையும். அதற்கென்று நிரந்தரமான புள்ளிக் கணக்கு கிடையாது. பகலில் வேலை செய்யும்போது புள்ளிகளைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது புள்ளிகளைக் குறைத்து வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். 'குவேக்' ஆடியவர்கள் அதைத்தான் செய்தார்கள். எதிரியின் முகத்தில் மீசை தெரிகிறதா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. அவன் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்பது தெரிந்தால் போதும்.

2000-க்குப் பிறகு எல்.சி.டி. திரைகள் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. மெல்லிசு, எடை கிடையாது, கரண்ட் செலவும் குறைவு. மேஜையில் பாதி இடம் மிச்சம். எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் ஒரு விஷயம் கைமாறிப் போயிருந்தது. எல்.சி.டி.யில் புள்ளிகளின் எண்ணிக்கை கண்ணாடியிலேயே பொறித்தது. மாற்ற முடியாது. குறைத்து வைத்தால் படம் கலங்கும். அதாவது துல்லியமா, வேகமா என்கிற பேரத்தை இனி நீங்கள் உங்கள் மேஜையில் பேச முடியாது. தொழிற்சாலையில் யாரோ ஓர் எஞ்சினியர் உங்களுக்காகப் பேசி முடித்துவிடுவார். எதை வெட்டினார் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு?

அங்கேதான் ஆரம்பித்தது இந்தக் கண்ணாமூச்சி.

விலை குறைவான எல்.சி.டி.கள் பெரும்பாலும் 'டி.என்.' என்கிற வகைப் பேனல்கள். செய்வது சுலபம், புள்ளிகளும் சுறுசுறுப்பாக மாறும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறும், கீழிருந்து பார்த்தால் முகம் கறுக்கும். 1996-ல் ஹிடாச்சி கம்பெனி கொண்டுவந்த 'ஐ.பி.எஸ்.' வகையில் இந்தக் குறை கிடையாது. ஆனால் விலை எக்கச்சக்கம், அந்த நாளில் வேகமும் குறைவு.

மலிவு டி.என். பேனல் இன்னொரு விஷயத்திலும் கையைச் சுருக்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் இருக்க வேண்டும். அதில் இருந்ததோ 64 படிகள்தான். மிச்சத்தை, பக்கத்துப் பக்கத்து நிறங்களை மாற்றி மாற்றி மின்னவைத்து, கண்ணை ஏமாற்றிச் சமாளித்தார்கள். இது பெட்டியில் எழுதியிருக்குமா என்றால், ஒரு விதத்தில் எழுதியிருந்தது! நல்ல பேனல் என்றால் '1 கோடியே 67 லட்சம் நிறங்கள்' என்று இருக்கும். இந்தச் சமாளிப்புப் பேனலில் '1 கோடியே 62 லட்சம்' என்று போட்டிருப்பார்கள். அந்த ஐந்து லட்சம் வித்தியாசத்தைப் பார்த்து, அதற்கு இதுதான் அர்த்தம் என்று புரிந்துகொண்டவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிசயம். பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. வியாபாரத்தில் இதற்கு நல்ல பெயர் ஏதாவது வைத்திருப்பார்கள்.

சரி, காசு ஒரு பொருட்டே இல்லை என்று ஒருத்தர் வந்தால்? அவருக்கு மூன்றும் கிடைக்குமா?

அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2000 நவம்பரில் ஐ.பி.எம். கம்பெனி கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்குச் சில மானிட்டர்களை அனுப்பியது. அணு ஆயுத ஆராய்ச்சி நடக்கிற இடம். அனுப்பிய திரைக்குச் செல்லப்பெயர் 'பெர்த்தா'. 22.2 அங்குலம்தான். அதற்குள் குறுக்கே 3,840, நெடுக்கே 2,400 என்று 92 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள்! இன்றைய 4கே திரையைவிட அதிகம். 2001-ல் அதையே டி220 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்தது டி221. 2002 மார்ச்சில் அதன் விலையை 17,999 டாலரிலிருந்து 8,399 டாலராகக் குறைத்தார்கள். குறைத்த பிறகே நாலு லட்ச ரூபாய்!

இத்தனை கொடுத்தும் அந்தத் திரை நொடிக்கு எத்தனை படம் போட்டது தெரியுமா? 41. பின்னால் வந்த மாடலில் 48. ஒரே ஒரு சாதாரண கேபிளைச் செருகினால் 13. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தத்தித் தத்திப் போகும். அவ்வளவு புள்ளிகளை ஏற்றி அனுப்ப அந்த நாளில் ஒரு கேபிள் போதவில்லை.

ஆனால் வாங்கியவர்கள் யாரும் கோபப்படவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அவர்கள் விஞ்ஞானிகள், எக்ஸ்-ரே பார்க்கும் டாக்டர்கள், வரைபடம் போடுகிறவர்கள். ஆடாத அசையாத படத்தை உற்றுப் பார்ப்பது அவர்கள் தொழில். வேகம் போனால் போகட்டும், துல்லியம் வேண்டும் என்று தெரிந்தே கேட்டு வாங்கினார்கள். தெரிந்து செய்த பேரத்தில் ஏமாற்றம் இல்லை.

இப்போது பத்து வருஷம் தாண்டி, தென் கொரியாவுக்குப் போகலாம்.

2011, 2012 வாக்கில் 27 அங்குலத்தில் 2,560-க்கு 1,440 புள்ளி ஐ.பி.எஸ். திரை வேண்டும் என்றால் ஆப்பிள் மாதிரி பெரிய கம்பெனிகளிடம் போக வேண்டும். ஆப்பிளில் விலை 999 டாலர். அந்த நாளில் ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். அதற்குள் இருந்த பேனலைச் செய்தது எல்.ஜி. கம்பெனி. பேனல்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது தரம் பிரிப்பார்கள். துளிக் குறைகூட இல்லாதது பெரிய கம்பெனிகளுக்குப் போகும். இரண்டு மூன்று புள்ளி செத்துப் போனது, ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது என்றால் அது அடுத்த தரம். நம் ஊரில் ஜவுளிக்கடை 'செகண்ட்ஸ்' வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா? அதே சங்கதிதான்.

இந்த அடுத்த தரத்தை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் மாட்டி, கொரியாவின் சின்னச் சின்னக் கம்பெனிகள் விற்றன. யமகாசி கேட்லீப், அச்சீவா ஷிமியான், கிராஸ்ஓவர் என்று பெயர்களே ஒரு தினுசாக இருக்கும். இ-பே மூலமாக முந்நூற்றுச் சொச்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பார்சல் பறந்தது. மூன்றில் ஒரு பங்கு விலை, கிட்டத்தட்ட அதே கண்ணாடி!

எப்படி முடிந்தது? வெட்டு, வெட்டு என்று வெட்டியிருந்தார்கள். ஸ்டாண்ட் ஆடும். உயரம் மாற்ற முடியாது. பல மாடல்களில் ஒரே ஒரு சொருகுவாய்தான், ஹெச்.டி.எம்.ஐ. கிடையாது. பவர் அடாப்டரின் பிளக் கொரியாவுக்கானது. திரையில் மெனு கிடையாது, வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க இரண்டு பட்டன், அவ்வளவே. ஐந்து புள்ளி வரை செத்திருந்தால் புகார் செய்யக்கூடாது என்று விற்கிறவரே எழுதி வைத்திருந்தார். ரிப்பேர் என்றால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மெனுவை எடுத்தபோது, அதோடு சேர்ந்து 'ஸ்கேலர்' என்கிற சர்க்யூட்டும் போய்விட்டது. அதன் வேலை, வருகிற படத்தைத் திரையின் அளவுக்குத் தகுந்தபடி சுருக்கி விரித்துக் கொடுப்பது. அந்த வேலைக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சுடுகிறவனுக்கு அந்தக் 'கொஞ்சம் நேரம்' உயிர் போகிற விஷயம். இப்போது நடுவில் ஆள் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து படம் நேராகக் கண்ணாடிக்குப் போனது. காசுக்காக வெட்டிய இடம், கேம் ஆடுகிறவனுக்கு லாபமாக முடிந்தது! கேட்லீப்பின் ஆரம்ப மாடல் சிலவற்றை 60 ஹெர்ட்ஸிலிருந்து 100, ஏன் 120 வரைக்கும்கூட முடுக்கிவிட முடிந்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் வாங்கியவர்கள்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அது ஒரு சூதாட்டம்தான். சிலருக்குக் கறையே இல்லாத திரை வந்தது. சிலருக்கு மூலையில் மஞ்சள் பூத்தது வந்தது. ஆனால் எது இல்லை என்பது வாங்குகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். 'ஸ்டாண்ட் ஆடினால் ஆடட்டும், எனக்குக் கண்ணாடிதான் முக்கியம்' என்று சொல்லிக்கொண்டு வாங்கினார்கள்.

இதற்கு நேர்மாறான கதை 2014 ஜனவரியில் நடந்தது.

4கே என்கிற வார்த்தை அப்போதுதான் புதிதாக ஊர் சுற்ற ஆரம்பித்திருந்தது. 3,840-க்கு 2,160. மொத்தம் 82,94,400 புள்ளிகள். டெல் கம்பெனியின் 32 அங்குல 4கே மானிட்டர் 3,499 டாலர், 24 அங்குலம் 1,399 டாலர். அந்தச் சமயத்தில் 28 அங்குலம் ஒன்று 699 டாலருக்கு வருகிறது என்று அதே டெல் அறிவித்தது. பெயர் பி2815க்யூ. கேம் ஆடுகிறவர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஏழையின் 4கே வந்துவிட்டது!

பிறகுதான் முழு விவரப் பட்டியல் வெளியே வந்தது. 4கே-யில் நொடிக்கு 30 படம். அவ்வளவுதான். 60 வேண்டுமானால் புள்ளிகளைக் கால்வாசியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைத்தால் அப்புறம் என்ன 4கே?

30 ஏன் என்பதற்கு அந்தக் காலத்து கேபிள் கணக்கைப் பார்த்தால் பாதி புரியும். ஒரு புள்ளிக்கு 24 பிட். 82,94,400 புள்ளியை 24-ஆல் பெருக்கி, நொடிக்கு 60 படம் என்றால் 1,194 கோடி பிட் ஓட வேண்டும். அப்போது பரவலாக இருந்த ஹெச்.டி.எம்.ஐ. 1.4 கேபிளில் படத்துக்கென்று ஓடக்கூடியது நொடிக்கு 816 கோடி. பாதி, அதாவது 30 படம் என்றால் 597 கோடி. நுழைந்துவிடும். 2013-ல் வந்த செய்கி கம்பெனியின் 39 அங்குல மலிவு 4கே டி.வி.யும் இதனால்தான் 30-ல் நின்றது. அதைப் புரோகிராம் எழுதுகிறவர்கள் சந்தோஷமாக மேஜையில் வைத்துக்கொண்டார்கள். எழுத்து ஓடாதே! ஆனால் டெல் மானிட்டரில் 60 படத்தைத் தாங்கக்கூடிய டிஸ்ப்ளே போர்ட்டே இருந்தது. இருந்தும் 30-தான். மக்களுக்கு எரிச்சல் வந்ததற்கு அதுதான் காரணம்.

டெல் பொய் சொன்னதா? இல்லை. விவரப் பட்டியலில் 30 என்று இருந்தது. ஆனால் தலைப்பில் இருந்தது 4கே-யும் 699-ம்தான். மூன்றாவது எண் எங்கோ அடியில் கிடந்தது. அதே வருஷம் சாம்சங் 28 அங்குல 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் அதே 699 டாலர் விலைக்குக் கொண்டுவந்தது. அதிலும் வெட்டு இல்லாமல் இல்லை. பேனல் டி.என். வகை. உயரம் மாற்ற முடியாது, சுவரில் மாட்டும் துளைகூட இல்லை. ஆனால் கேம் ஆடுகிறவனுக்கு வேண்டிய இடத்தில் கத்தி வைக்கவில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம்.

இன்றைக்கு யாரும் 30 ஹெர்ட்ஸ் மானிட்டரை கேம் மானிட்டர் என்று விற்பதில்லை. கத்தி வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. 'ஒரு மில்லி செகண்ட்' என்று போடுவார்கள். அதை எட்டுவதற்குப் புள்ளிகளைக் கூடுதல் மின்சாரம் கொடுத்து விரட்டுகிற ஒரு வித்தை இருக்கிறது. ஓவர்டிரைவ் என்று பெயர். அதிகமாக விரட்டினால், ஸ்டாப்பில் நிற்க வேண்டிய பஸ் தாண்டிப் போய் நிற்கிற மாதிரி நிறமும் தாண்டிப் போய் நிற்கும். ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பேய் வால் தெரியும். ஒரு மில்லி செகண்ட் என்பது பெரும்பாலும் அந்த விரட்டலின் உச்சத்தில் அளந்தது.

ஹெச்.டி.ஆர். என்று ஒரு முத்திரை இருக்கும். அதற்கான தரக்கட்டுப்பாடு 2017 கடைசியில் வந்தது. அதன் அடிப்படியான 'டிஸ்ப்ளே ஹெச்.டி.ஆர். 400' முத்திரைக்கு, திரையின் பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாவிட்டால் இருட்டுக் காட்சி இருட்டாக இருக்காது, சாம்பலாகத்தான் இருக்கும். கார்டின் வேகத்துக்கு ஏற்றபடி திரையும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி என்று இன்னொன்று. 2019 ஜனவரியில் என்விடியா கம்பெனி, மற்றவர்களின் மானிட்டர் 400-ஐச் சோதித்ததாகவும் அதில் 12 மட்டுமே தேறியதாகவும் சொன்னது. அவர்களுக்கும் இதில் வியாபாரம் உண்டு, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அப்படியும் 12 என்பது யோசிக்கவைக்கிற எண்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்டு ஒன்று இருக்கிறது. அது மானிட்டரில் இல்லை, உங்கள் பர்ஸில். 4கே என்பது 1,920-க்கு 1,080-ஐப் போல நாலு மடங்கு புள்ளிகள். 2,560-க்கு 1,440-ஐப் போல இரண்டேகால் மடங்கு. அத்தனையையும் நொடிக்கு அறுபது, நூறு முறை வரைந்து தள்ள வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டு. யானை சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டால் தீனிக்கு எங்கே போவது? மலிவு 4கே மானிட்டர் வாங்கிய பலர், அடுத்த ஆறு மாதத்தில் அதைவிட இரண்டு மடங்கு விலைக்குக் கார்டு தேடுவது இதனால்தான்.

ஆகவே கடைக்குப் போகும் முன்னால் ஒரு துண்டுத் தாளை எடுங்கள். 'எனக்கு எது போனால் பரவாயில்லை?' என்று எழுதுங்கள். படிப்பு, சினிமா, நிதானமாக ஆடுகிற கேம் என்றால் வேகம் போகலாம். 60 ஹெர்ட்ஸ் 4கே உங்களுக்குப் போதும். துப்பாக்கியோடு ஓடுகிற ஆள் என்றால் 4கே-யை மறந்துவிட்டு, 27 அங்குலம், 2,560-க்கு 1,440, வேகமான ஐ.பி.எஸ். என்று பாருங்கள். கார்டு பழசு, மாற்றக் காசு இல்லை என்றால் 1,920-க்கு 1,080-ஏ மரியாதை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கார்மேக் 'குவேக்' எழுதியது அதில்தான்!

பிறகு பெட்டியைத் திருப்புங்கள். முன்பக்கம் இருக்கும் எண்களை விட்டுவிடுங்கள், அவை அழகுக்கு. விவரப் பட்டியலில் உச்ச வேகம் எந்தக் கேபிளில், எந்த ரெசல்யூஷனில் என்று தேடுங்கள். பேனல் எந்த வகை என்று தேடுங்கள். செத்த புள்ளி எத்தனை இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர், 'அதெல்லாம் ஒண்ணும் வராது சார்' என்பார். வந்தால் என்ன செய்வீர்கள் என்று திரும்பக் கேளுங்கள்.

பலருக்கு இது மாசக் கணக்கில் சேர்த்து வைத்த காசு. முதல் சம்பளத்தில் வாங்கும் பொருளாகக்கூட இருக்கும். மலிவாக வாங்குவதில் ஒரு தப்பும் கிடையாது. கொரியாவிலிருந்து பிளக் பொருந்தாத பெட்டியை வரவழைத்தவர்கள் அசட்டு ஆட்கள் இல்லை. விலை குறைந்தால் எங்கேயோ ஒன்றை வெட்டித்தான் இருப்பார்கள். எங்கே என்று கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் பர்ஸைத் திறங்கள்.